அள்ளுவதற்கு முன் அளக்க வேண்டும்: கைவிடப்பட்ட ஆலை மண்ணைச் சுத்தம் செய்வது எப்படி?

2025 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மாசடைந்த தளங்களை மேலாண்மை செய்வதற்கான விதிகளை அறிவித்தது. ஆலைக்கழிவால் கெட்டுப்போன நிலத்தை யார் கண்டுபிடிப்பது, யார் சுத்தம் செய்வது, பணம் யார் கட்டுவது என்று வரிசைப்படுத்தும் விதிகள் இவை. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் இப்படிப்பட்ட 103 தளங்களை அடையாளம் கண்டிருப்பதாகவும், அவற்றில் 7 இடங்களில்தான் சீரமைப்புப் பணி தொடங்கியிருப்பதாகவும் அப்போது செய்தி வந்தது.

செட்டிநாட்டில் இந்தச் செய்தியைப் படிப்பவருக்கு எழும் கேள்விகள் நேரானவை. ஊருக்கு வெளியே பூட்டிக் கிடக்கும் ஆலை நிலத்தின் மண்ணை ஜேசிபி வைத்து அள்ளிவிட்டால் தீர்ந்ததா? அந்த இடத்தில் மனை போட்டால் வாங்கலாமா? பக்கத்துத் தெரு போர்த் தண்ணீரைக் குடிக்கலாமா? இவற்றுக்கு ஒரே வரியில் ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. என்ன நஞ்சு, எவ்வளவு ஆழத்தில், எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியாமல் யார் பதில் சொன்னாலும் அது ஊகம்தான். ஊகத்தை நம்பி மண்ணைக் கிளறினால், ஓரிடத்தில் கிடக்கும் ஆபத்து ஊரெல்லாம் பரவும்.

மாசடைந்த மண் என்பது எது?

மண்ணில் இயல்பாகவே ஈயம், குரோமியம், ஆர்செனிக் போன்றவை மிகச் சிறிய அளவில் உண்டு. இருப்பதனாலேயே அது மாசு ஆகாது. ஆலையின் செயலால் அந்த இயல்பு அளவைத் தாண்டி, மனிதருக்கோ கால்நடைக்கோ நீருக்கோ கேடு செய்யும் நிலைக்கு வந்தால்தான் மாசடைந்த மண் என்கிறோம். மண்ணில் உள்ள நஞ்சை ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் என்று அளப்பார்கள். தண்ணீரில் ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.

ஆலை வளாகத்தில் எங்கே மாசு சேரும் என்பது பெரும்பாலும் ஆலையின் தொழிலைப் பொறுத்தது. முலாம் பூசும் பட்டறை என்றால் குரோமியம், நிக்கல், சயனைடு. பழைய பேட்டரியை உடைத்து உருக்கிய கொட்டகை என்றால் ஈயமும் கந்தக அமிலமும். நூற்பாலை என்றால் பலரும் பஞ்சைத்தான் நினைப்பார்கள். அங்கேயும் டீசல் தொட்டி, மின்மாற்றி எண்ணெய், கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்திருக்கலாம். சாயப்பட்டறை இணைந்திருந்தால் கணக்கு இன்னும் நீளும்.

மூலம், வழி, ஆள்

உலகம் முழுவதும் இந்தத் துறையில் உள்ளவர்கள் முதலில் மூன்று கேள்விகளைக் கேட்கிறார்கள். மீதி எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

1. மூலம்: நஞ்சு எங்கே கிடக்கிறது? புதைத்த கழிவா, உடைந்த குழாயா, தரையில் ஊறிய எண்ணெயா?

2. வழி: அது எதன் மூலம் வெளியேறுகிறது? ஆடிக் காற்றில் பறக்கும் புழுதியா, ஐப்பசி மழையில் ஓடும் நீரா, கீழே இறங்கும் கசிவா, அங்கே மேயும் ஆட்டின் வயிறா?

3. ஆள்: கடைசியில் யாரைத் தொடுகிறது? போர்த் தண்ணீர் குடிக்கும் வீட்டையா, மண்ணில் விளையாடும் குழந்தையையா, கண்மாய் மீனைத் தின்பவரையா?

இந்த மூன்றும் ஒன்றோடொன்று கோத்திருந்தால்தான் ஆபத்து. ஒன்றை அறுத்தாலும் ஆபத்து குறையும். மூலத்தை அகற்றுவது ஒரு வழி. வழியை அடைப்பது இன்னொன்று. ஆட்களை விலக்கி வைப்பது மூன்றாவது. வேலி போட்டுப் பலகை வைப்பது மூன்றாவது வகை. செலவு குறைவு என்பதால் பல இடங்களில் பணி அதோடு நின்றுபோகிறது. ஆட்டுக்கும் மழைநீருக்கும் பலகை படிக்கத் தெரியாது என்பதால் வேலியைத் தற்காலிக ஏற்பாடாக மட்டுமே ஏற்க முடியும்.

செட்டிநாட்டு நிலத்தில் இது ஏன் கூடுதல் கவலை

இந்தப் பகுதியின் நீர் அமைப்பைப் பார்த்தால் காரணம் புரியும். ஆண்டு மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அந்த நீரை வீணாக்காமல் பிடிக்கத்தான் கண்மாய்களையும் ஊருணிகளையும் வரத்துக்கால்களையும் வெட்டினார்கள். மேட்டில் பெய்த மழை வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்கு வரும். அது நிரம்பினால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். குடிநீர் ஊருணிக்குத் தனிக் கால் விட்டு, கால் கழுவக்கூட அனுமதிக்காமல் காத்த ஊர்கள் இங்கே உண்டு. தண்ணீரை ஒன்றோடொன்று இணைத்த அந்த அருமையான அமைப்பே, மேட்டில் ஒரு நஞ்சு கிடந்தால் அதைக் கீழ்க்கண்மாய் வரை கொண்டுபோகும் பாதையாகவும் ஆகிவிடும். ஆலை கட்டும்போது வளாகத்தின் குறுக்கே போன பழைய வரத்துக்காலை மூடியிருந்தாலும், பெருமழையில் தண்ணீர் தன் பழைய தடத்தைத் தேடும்.

அடுத்தது மண். இப்பகுதியில் பல இடங்களில் மேலே செம்மண்ணும் அதன் கீழ் செம்புறாங்கல்லும் உள்ளன. செம்புறாங்கல் துளைகள் நிறைந்தது. மழைநீர் வேகமாக இறங்கும். ஊற்றுநீருக்கும் கிணற்று நீருக்கும் இது வரம். ஆனால் தண்ணீரில் கரையும் நஞ்சும் அதே வேகத்தில் இறங்கும். மறுபக்கம், செம்மண்ணின் சிவப்புக்குக் காரணமான இரும்பு ஆக்சைடு ஈயத்தையும் ஆர்செனிக்கையும் ஓரளவு பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக, ஒரே நிலம் ஒரு நஞ்சைப் பிடித்து வைக்கிறது, இன்னொன்றை விட்டுவிடுகிறது. வேறு ஊரில் பலித்த முறையை அப்படியே இங்கே கொண்டுவந்து செய்ய முடியாததற்கு இதுவே முதல் காரணம்.

ஒவ்வொரு நஞ்சும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும்

ஈயம் பெரும்பாலும் மேல் மண்ணிலேயே ஒட்டிக் கிடக்கும். நிலத்தடி நீருக்கு எளிதில் இறங்காது. அதனால் பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. புழுதியாகப் பறந்து, தவழும் குழந்தையின் கையிலும் வாயிலும் போய்ச் சேரும். குழந்தையின் ரத்தத்தில் ஈயம் இருக்கத்தக்க பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. மூளை வளர்ச்சியைத் தாக்கும், அறிகுறி வெளியே தெரியாமலே தாக்கும்.

குரோமியத்துக்கு இரண்டு முக்கிய வடிவங்கள் உண்டு. மூன்று இணைதிறன் கொண்டது நீரில் அதிகம் கரையாது, நச்சும் குறைவு. ஆறு இணைதிறன் கொண்டது நீரில் கரைந்து ஓடும், புற்றுநோய் உண்டாக்கக் கூடியது, செறிவு அதிகமானால் தண்ணீரே மஞ்சளாகத் தெரியும். மண் பரிசோதனை அறிக்கையில் ‘மொத்தக் குரோமியம்’ என்று மட்டும் ஓர் எண் இருந்தால் அது பாதித் தகவல்தான். அதில் எவ்வளவு ஆறு இணைதிறன் வடிவம் என்று தனியாகக் கேட்க வேண்டும்.

உலோகத்தில் பிசுக்கு நீக்கப் பயன்படுத்தும் டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள் தண்ணீரைவிடக் கனமானவை. கீழே கீழே இறங்கி, நீர் புகாத அடுக்கின் மேல் குட்டையாகத் தங்கி, பல்லாண்டு காலம் சிறிது சிறிதாகக் கரைந்து வரும். மேல்மண் பார்க்கச் சுத்தமாக இருக்கும். டீசல் இதற்கு நேர்மாறு. நீர்மட்டத்தின் மேல் மிதக்கும், மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் காலப்போக்கில் அதைத் தின்றுவிடும்.

உலோகத்தை எந்த நுண்ணுயிரும் தின்று தீர்க்காது. பாதரசமும் ஈயமும் காட்மியமும் தனிமங்கள். நெருப்பில் போட்டாலும் அழியாது, இடமும் வடிவமும் மட்டுமே மாறும். உலோக மாசைச் சுத்தம் செய்தோம் என்று யாராவது சொன்னால், எடுத்த உலோகம் இப்போது எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்க வேண்டும்.

அளப்பது எப்படி

1. ஆவணத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆலை எந்த ஆண்டு எதை உற்பத்தி செய்தது, கழிவுத் தொட்டி எங்கே இருந்தது, ராத்திரியில் எந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கடைசிக் கேள்விக்குப் பழைய தொழிலாளியைத் தவிர வேறு ஆவணம் கிடையாது. அவர்கள் முதுமையடைந்து போய்ச் சேர்வதற்குள் கேட்டு எழுதி வைப்பது மிக அவசரமான வேலை. புல வரைபடத்தில் பழைய வரத்துக்கால்களையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. அடுத்து மாதிரி எடுத்தல். நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எல்லாக் கட்டத்திலும் எடுப்பது ஒன்று. சந்தேகப்படும் இடங்களில் நெருக்கமாக எடுப்பது இன்னொன்று. இரண்டும் வேண்டும். மேல் அரையடி மண் தனியாக, அதற்குக் கீழே ஆழம் ஆழமாகத் தனித்தனியாக.

3. ஆலையின் பாதிப்பு படாத, அதே வகை மண் உள்ள இடத்திலிருந்து ஒப்பீட்டு மாதிரி எடுக்க வேண்டும். இது இல்லாவிட்டால் “இந்த ஊர் மண்ணே அப்படித்தான்” என்ற வாதத்தை மறுக்க வழியில்லை.

4. நிலத்தடி நீர் எந்தத் திசையில் நகர்கிறது என்று அறியக் குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும். மூன்று புள்ளிகளில் நீர்மட்டம் தெரிந்தால்தான் சாய்வைக் கணக்கிட முடியும். இங்கே புரட்டாசியில் ஒருமுறை, தை மாதத்தில் ஒருமுறை என இரு பருவத்திலும் அளக்க வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டமும் மாசின் செறிவும் வெவ்வேறாக இருக்கும்.

5. கசிவுச் சோதனை. மண்ணில் எவ்வளவு நஞ்சு இருக்கிறது என்பது ஒரு கேள்வி, அதில் எவ்வளவு நீரில் இறங்கும் என்பது வேறு கேள்வி. மண்ணை இலேசான அமிலத்தில் கலக்கி, வடித்த நீரில் அளப்பார்கள்.

இரண்டாவது படியில் நடக்கும் ஒரு தவற்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். செலவைக் குறைக்கப் பல இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து, ஒற்றைச் சோதனை மாதிரியாக அனுப்புவது உண்டு. பத்து இடங்களில் எடுத்த மண்ணில் ஒன்பது இடத்தில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் ஈயம், ஓர் இடத்தில் 2,000 என்று வைத்துக்கொள்வோம். கலந்தால் சராசரி 218. கனடாவின் வழிகாட்டு அளவில் குடியிருப்பு நிலத்துக்கு 140, ஆலை நிலத்துக்கு 600. ஆலை நிலம் என்று வாதிட்டால் 218 தேறிவிடும். 2,000 உள்ள அந்த ஓர் இடத்தில் நாளை ஒரு வீட்டின் கொல்லைப்புறம் அமையலாம். அதனால் அறிக்கையைக் கையில் வாங்கியவுடன் பார்க்க வேண்டியவை: எத்தனை இடத்தில் எடுத்தார்கள், கலந்தார்களா, ஒவ்வோர் இடத்தின் ஆழம் குறிக்கப்பட்டிருக்கிறதா.

எவ்வளவு சுத்தம் போதும்?

பூஜ்யம் வரை சுத்தம் செய்வது எங்கும் நடப்பதில்லை. அந்த நிலம் இனி எதற்குப் பயன்படப்போகிறது என்பதை வைத்து இலக்கு தீர்மானிக்கப்படுகிறது. சண்டையெல்லாம் இந்த இலக்கு எண்ணின் மீதுதான்.

கொடைக்கானல் இதற்குத் தமிழ்நாட்டின் மிகத் தெளிவான பாடம். அங்கே இயங்கிய ஹிந்துஸ்தான் லீவர் தெர்மாமீட்டர் ஆலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் கிடந்தது 2001இல் வெளியானதும் மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவும் கருவிகளும் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. மண் மட்டும் அங்கேயே கிடந்தது. மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை விடலாம் என்ற இலக்கை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றது. கனடாவின் குடியிருப்பு நில அளவு 6.6 என்பதைக் காட்டி, சோலைக்காட்டை ஒட்டிய மலையில் 20 போதாது என்று மக்கள் இயக்கங்கள் வாதிட்டன. நிறுவனம், மண்ணை மிகக் கடுமையாகத் தோண்டினால் மரங்களும் சரிவும் பாதிக்கப்படும் என்றது. ஆலை மூடிப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் இந்த எண்ணைச் சுற்றியே போனது. பாதரசம் அந்தக் காலமெல்லாம் மண்ணிலேயே இருந்தது.

இலக்கு எண்ணை நிபுணர்கள் கணக்கிடலாம். நிலம் வீடாகப் போகிறதா, பள்ளிக்கூடமா, கிடங்கா என்ற முடிவில் ஊருக்குச் சொல் இருக்க வேண்டும். கணக்கின் முதல் எண்ணே அதுதான்.

முறைகள்: எது எங்கே பலிக்கும்

தோண்டி அகற்றுதல் எல்லாருக்கும் தெரிந்த முறை. வேகமானது, கண்ணுக்குத் தெரியும். கணக்கைப் பார்ப்போம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. மூன்று அடி ஆழம் தோண்டினால் 1,30,680 கன அடி, அதாவது நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் ஏறக்குறைய 1,307 யூனிட். மூன்று யூனிட் ஏற்றும் டிப்பர் என்றால் 436 நடை. ஐந்து ஏக்கருக்கு 2,000 நடைக்கு மேல். பள்ளத்தை நிரப்ப அதே அளவு நல்ல மண்ணை இன்னொரு கண்மாயிலிருந்தோ குவாரியிலிருந்தோ கொண்டுவர வேண்டும். எடுத்த மண் அபாயக் கழிவு என்று தேறினால் சாதாரணக் குப்பைமேட்டில் கொட்ட முடியாது. அதற்கென அமைந்த பாதுகாப்பான புதைகுழிக்குப் போக வேண்டும், கும்மிடிப்பூண்டியில் இருப்பதுபோல. காரைக்குடியிலிருந்து அது 400 கிலோமீட்டருக்கும் மேல். இந்தச் செலவைத் தவிர்க்க ஆசைப்படும் ஒப்பந்தக்காரர், மண்ணைச் சவுடு என்று சொல்லி யாராவது ஒருவர் வீட்டு அஸ்திவாரத்துக்கு நிரப்ப விற்றுவிட்டால், அதற்குப் பிறகு அதைத் தேடிப் பிடிக்கவே முடியாது. எனக்கு இந்தத் துறையில் ஆகப்பெரிய பயம் இதுதான். ஒவ்வொரு நடைக்கும் சீட்டும், போய்ச் சேர்ந்த இடத்தின் ஒப்புகையும் இல்லாத தோண்டும் பணியை ஊர் அனுமதிக்கவே கூடாது.

மூடி வைத்தல் இன்னொரு முறை. மாசுள்ள மண்ணை அங்கேயே விட்டு, மேலே களிமண் அடுக்கும் தடித்த பாலித்தீன் விரிப்பும் நல்ல மண்ணும் போட்டு மழைநீர் இறங்காமல் தடுப்பது. மூலம் அப்படியே இருக்கும், வழி மட்டும் அடைபடும். செலவு குறைவு, ஆனால் காலம் முழுவதும் காவல் தேவை. விரிப்பைக் கிழித்து யாரும் போர் போடாமல், மரம் வைக்காமல், ஐம்பது ஆண்டு கழித்தும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருடையது என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

சிமென்ட் அல்லது சுண்ணாம்பு கலந்து மண்ணை இறுக்குவது உலோகங்களுக்குப் பயன்படும். நஞ்சு உள்ளேயே இருக்கும், கசிவு குறையும். ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு அன்னபேதி எனப்படும் இரும்பு சல்பேட்டைக் கலந்து மூன்று இணைதிறன் வடிவமாக மாற்றலாம். மலிவான, நன்கு நிறுவப்பட்ட வேதியியல் இது. மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் காலப்போக்கில் ஒரு பகுதி திரும்பவும் பழைய வடிவத்துக்குப் போகக்கூடும் என்பதால், கலந்துவிட்டுக் கணக்கை மூடிவிட முடியாது.

மண்ணைக் கழுவுதல் என்பது அரிசி களைவது போலத்தான். நஞ்சு பெரும்பாலும் மெல்லிய வண்டல் துகளில் ஒட்டியிருக்கும். நீர் பாய்ச்சி அலசினால் மணல் சுத்தமாகி நிற்கும், கலங்கல் தனியே வரும். அந்தக் கலங்கலில்தான் நஞ்செல்லாம் செறிந்திருக்கும். அதை வடிகட்டிப் பாதுகாப்பாக அகற்ற வேண்டும். மணற்பாங்கான மண்ணில் நன்றாகப் பலிக்கும். களிமண் கலந்த கண்மாய்ப் படுகையில் பலன் குறைவு. கொடைக்கானலில் தேர்ந்தது இந்த முறையும், பாதரசத்தைச் சூடாக்கி ஆவியாக்கிப் பிடிக்கும் முறையும் சேர்ந்தது.

டீசல், எண்ணெய் மாசுக்கு நுண்ணுயிர் முறை நன்றாகப் பொருந்தும். மண்ணைக் குவித்து, காற்றும் ஈரமும் தழைச்சத்தும் கொடுத்தால் அங்கேயே உள்ள நுண்ணுயிர்கள் வேலை செய்யும். நம் வெப்பம் அவற்றுக்கு உதவும், ஆனால் பங்குனி, சித்திரையில் குவியல் காய்ந்துவிடாமல் பார்க்க வேண்டும்.

மின்சாரத்தைக் கொண்டும் சுத்தம் செய்யலாம். ஈர மண்ணில் மின்முனைகளைப் புதைத்து நேர்திசை மின்சாரம் செலுத்தினால் உலோக அயனிகள் முனைகளை நோக்கி நகரும். நீர் எளிதில் ஓடாத களிமண்ணில்கூட இது வேலை செய்யும் என்பதே சிறப்பு. இந்த அறிவியலின் அடித்தளம் மின்வேதியியல். அந்தத் துறைக்கான மத்திய ஆய்வகம் காரைக்குடியிலேயே இருக்கிறது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்டது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து ஊருக்குக் கொண்டுவந்த நிறுவனம் அது. இந்த வட்டாரத்து மண்ணை எப்படிச் சுத்தம் செய்வது என்ற கேள்வி வரும்போது, ஆலோசனைக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

செடி வைத்துச் சுத்தம் செய்யலாம் என்ற பேச்சு இணையத்தில் நிறைய உலவுகிறது. கடுகும் சூரியகாந்தியும் சில உலோகங்களை உறிஞ்சும், ஆர்செனிக்கை ஒரு வகைப் பெரணி வியக்கத்தக்க அளவில் உறிஞ்சும், வெட்டிவேர் மண்ணைப் பிடித்து நிறுத்தும். எல்லாம் உண்மை. ஆனால் பல்லாண்டு ஆகும், வேர் எட்டும் ஆழம் வரைதான் பயன், உறிஞ்சிய செடியே நச்சுக்கழிவாகிவிடும். அறுத்ததை மாட்டுக்குப் போடவும் கூடாது, அடுப்பில் வைக்கவும் கூடாது. கைவிடப்பட்ட நிலமெங்கும் தானாக மண்டும் சீமைக்கருவேலம் விஷயத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஆலை நிலத்துக் கட்டையை விறகாகவோ கரிமூட்டத்துக்கோ எடுப்பதற்கு முன் மண் சோதனை முடிந்திருக்க வேண்டும்.

இடிக்கும் காலமே ஆபத்துக் காலம்

நிலம் சும்மா கிடக்கும்போது நஞ்சு மெதுவாகத்தான் நகரும். ஆலையை இடிக்கும் சில வாரங்களில் பல்லாண்டு நகர்வு ஒரே மூச்சில் நடந்துவிடும். செட்டிநாட்டில் பழைய கட்டடத்தைப் பிரித்து மரம், கல், இரும்பு என்று தரம் பிரித்து விற்கும் தொழில் கைதேர்ந்தது. வீடுகளைப் பிரித்த பழக்கத்தில் ஆலையையும் பிரிக்கப் போனால், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உடைந்து நார் பறக்கும், குழாயில் தங்கிய திரவம் கொட்டும், கழிவுத் தொட்டி உடைந்து ஓடும். ரசாயனம் வந்த பிளாஸ்டிக் டிரம்கள் கழுவப்பட்டுத் தண்ணீர் பிடிக்க வீடுகளுக்குப் போகும். அந்த வேலையில் இறங்குவோர் பெரும்பாலும் தினக்கூலிகள். முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது அவர்களுக்குக் கவசம் ஆகாது. கருவிகளும் திரவங்களும் ஷீட்டுகளும் முறையாக அகற்றப்பட்டு, அதன் பிறகுதான் சுவரில் கை வைக்க வேண்டும்.

பணம் யார் கட்டுவது?

மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்தியாவில் நிலைபெற்ற சட்டக் கொள்கை. பாலாற்றுப் படுகைத் தோல் ஆலைகள் பற்றிய வேலூர் மக்கள் நல மன்ற வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு ராஜஸ்தானின் பிச்சிரி கிராம வழக்கிலும், சாயத்துக்கான ரசாயனம் தயாரித்த ஆலைகள் கெடுத்த மண்ணையும் கிணறுகளையும் மீட்கும் செலவு அவற்றுடையதே என்றது. ஆனால் அந்தத் தொகையை வசூலிக்கும் போராட்டம் நீண்டது. 2011இல்தான் 37 கோடி ரூபாய்க்கு மேல் கட்டும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. தீர்ப்புக்கும் பணத்துக்கும் நடுவே பதினைந்து ஆண்டு.

ஆலை திவாலாகிவிட்டால் இன்னும் கடினம். ராணிப்பேட்டையில் 1995இல் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை விட்டுப்போன குரோமியக் கழிவு சுமார் ஒன்றரை லட்சம் டன் என்று கணக்கிடப்பட்டது. மூடிக் கால் நூற்றாண்டு கடந்தும் குவியல் அங்கேயே கிடந்தது. போபாலில் 1984 நச்சுவாயு விபத்து நடந்த வளாகத்திலிருந்து 337 டன் கழிவு 2025 ஜனவரியில்தான் பிதாம்பூருக்கு எடுத்துச் செல்லப்பட்டு, அடுத்த மாதங்களில் எரிக்கப்பட்டது. அது கிடங்கில் இருந்த கழிவு. மண்ணுக்குள்ளும் நிலத்தடி நீருக்குள்ளும் போனது இன்னும் தீர்க்கப்படாத கணக்கு.

2025 விதிகள் இந்த இடைவெளியில் சில படிகளைக் கட்டுகின்றன.

1. சந்தேகத்துக்குரிய தளங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளிக்க வேண்டும்.

2. மாநில வாரியமோ அது நியமிக்கும் நிபுணர் அமைப்போ 90 நாளில் முதற்கட்ட ஆய்வும், அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வும் முடிக்க வேண்டும்.

3. மாசு உறுதியானால் இடத்தைப் பொதுவில் அறிவித்து, அங்கே நுழைவதற்குக் கட்டுப்பாடு விதிக்க வேண்டும்.

4. பொறுப்பானவரை 90 நாளில் அடையாளம் காண வேண்டும். அவர் இல்லையென்றாலோ கட்ட வழியில்லையென்றாலோ மத்திய, மாநில அரசுகள் செலவை ஏற்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

கதிரியக்கக் கழிவு, சுரங்கம், கடலில் எண்ணெய்க் கசிவு, நகராட்சிக் குப்பைமேடு ஆகியவற்றுக்கு வேறு சட்டங்கள் இருப்பதால் அவை இதில் வராது. பெரிய குறை ஒன்று உண்டு. கண்டறிவதற்குக் காலக்கெடு வைத்தவர்கள், சுத்தம் செய்து முடிப்பதற்குக் காலக்கெடு வைக்கவில்லை. ராணிப்பேட்டையையும் கொடைக்கானலையும் பார்த்த தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று விளக்கத் தேவையில்லை.

மனை வாங்குபவரும் அக்கம்பக்கத்தாரும் செய்யக்கூடியவை

வில்லங்கச் சான்று நிலத்தின் மீதுள்ள பதிவுகளைக் காட்டும், மண்ணில் உள்ள நஞ்சைக் காட்டாது. பட்டா, அங்கீகார எண் எல்லாம் சரியாக இருக்கும் மனையிலும் நஞ்சு இருக்கலாம். முன்பு ஆலையாக இருந்த நிலம் என்றால், பத்திரம் போடுவதற்கு முன் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் மண்ணையும் போர்த் தண்ணீரையும் சோதிக்க வேண்டும். தண்ணீருக்கு இந்தியத் தர நிர்ணய அளவுகள் தெளிவாக உள்ளன: லிட்டருக்கு ஈயம் 0.01 மில்லிகிராம், ஆர்செனிக் 0.01, மொத்தக் குரோமியம் 0.05, பாதரசம் 0.001. சாதாரணமாகக் கடையில் செய்யும் உப்புத்தன்மைச் சோதனை இவற்றில் எதையும் காட்டாது. என்ன ஆலை என்று சொல்லி, அதற்குரிய நஞ்சைப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் ஆய்வகம் அளக்கும். காய்ச்சிக் குடிப்பது கிருமிக்கு மருந்து, உலோகம் காய்ச்சினால் போகாது.

பக்கத்தில் குடியிருப்பவர்கள் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம், கிராம சபையில் தீர்மானம் போடலாம். புதிய விதிகளில் பட்டியல் தயாரிப்பது மாவட்ட நிர்வாகம் என்பதால் இந்த மனு இப்போது முன்பைவிடக் கனமானது. ‘நாற்றம் வருகிறது, நடவடிக்கை எடுங்கள்’ என்று பொதுவாக எழுதுவதைவிட, சர்வே எண், ஆலை செய்த தொழில், கழிவு கொட்டிய இடத்தின் வரைபடம், வரத்துக்கால் போகும் திசை, பாதித்த கிணறுகள், பழைய தொழிலாளர் ஒருவரின் கையெழுத்திட்ட வாக்குமூலம் ஆகியவற்றை இணைத்தால் அதைப் பட்டியலில் சேர்க்காமல் தள்ளுவது கடினம்.

மனு நகராவிட்டால் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். அங்கே காலக்கெடு உண்டு. சுற்றுச்சூழல் பிரச்சினையைத் தீர்க்கக் கோரும் மனுவுக்கு, காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம். இழப்பீட்டுக்கும் கெட்ட நிலத்தை மீட்பதற்கும் 5 ஆண்டு. தகுந்த காரணம் இருந்தால் இரண்டிலும் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். அதனால் முதல் தண்ணீர்ச் சோதனை அறிக்கையிலிருந்தே தேதி, எடுத்த இடம், எடுத்தவர் பெயர், ஆய்வக முத்திரை எல்லாம் தெளிவாக உள்ள மூலப்பிரதியைப் பத்திரப்படுத்த வேண்டும். மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என்று இரண்டு ஆண்டு அறிக்கைகள் கையில் இருந்தால், மாசு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வாரியத்தின் அறிக்கைக்காகக் காத்திராமல் ஊராரே தீர்ப்பாயத்தின் முன் வைக்க முடியும்.